வாரத்துக்கு ஏழு ஞாயிற்றுக்கிழமை

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று பூட்டு, இன்னொன்று பிரியாணி. பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் அலிகார் பூட்டோடு மல்லுக்கட்ட முடியாமல் பட்டறைகள் பல மூடிக்கிடக்கின்றன. பிரியாணிக்கு அந்தக் கதி வரவில்லை. 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல், அவர் தலையில் கட்டியிருந்த தலப்பாவின் பேரிலேயே 'தலப்பாக்கட்டி' ஆனது. பேரன் காலத்தில் சென்னைக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்து துபாய், கொழும்பு, பாரிஸ் என்று கிளை விட்டது. பேர் யாருக்குச் சொந்தம் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சி.எக்ஸ். பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் போட்டுப் பங்கு வாங்கியது. சீரகச் சம்பா சோற்றுக்கு முதலீட்டாளர்கள் கூடி விலை மதிப்பிடுவார்கள் என்று அந்தத் தலப்பாக்காரர் நினைத்திருப்பாரா!

அதே 1957-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பீட் ஹார்மன் என்பவர், கர்னல் சாண்டர்ஸின் செய்முறையில் பொரித்த கோழியை அட்டை வாளியில் போட்டு விற்க ஆரம்பித்தார். கே.எஃப்.சி.யின் 'பக்கெட்' பிறந்தது அப்படித்தான். அந்த வாளிக்கும் திண்டுக்கல் அண்டாவுக்கும் அப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை. இன்றைக்குத் தமிழ்நாட்டின் நெடுஞ்சாலை ஓரமெல்லாம் 'பக்கெட் பிரியாணி' போர்டு தொங்குகிறது. நாலு பேருக்கு ஒரு வாளி, கூடவே சிக்கன் 65, அவித்த முட்டை, ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸ்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் சாலையில் போனால், சிறுமலையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு சாணார்பட்டி வரும். ஊராட்சி ஒன்றியத் தலைநகரம். மாந்தோப்பும் தென்னையும் மானாவாரிக் கடலையுமாக இருக்கிற வட்டாரம். பெரிய சங்கிலித் தொடர் உணவகங்களின் கண்ணாடிக் கதவு இங்கே வரை வந்து சேரவில்லை. ஆனால் அந்தக் கடைகளின் ருசி வந்துவிட்டது. அவை பழக்கிவிட்ட நேரமும் வந்துவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். போர்டு வராமலேயே ஒரு சங்கிலி ஒரு கிராமத்தைக் கட்டிப்போட முடியும்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இந்தச் சாலையின் ஊர்களில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஏதாவது ஒரு தள்ளுவண்டியைப் பாருங்கள். ஃபாஸ்ட் ஃபுட் என்று ஃபிளெக்ஸில் எழுதி, பக்கத்தில் இணையத்திலிருந்து எடுத்த ஏதோ ஒரு பர்கர் படம். அந்த வண்டியில் பர்கர் கிடையாது. எவர்சில்வர் பேசினில், மத்தியானமே முக்கால் வேக்காட்டில் வடித்து ஆறவைத்த சோறு. இன்னொரு டப்பாவில் செக்கச்செவேல் என்று மசாலா தடவின கோழித்துண்டு. மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட பாட்டில்களில் சோயா சாஸ், வினிகர், மிளகாய் சாஸ். உப்பும் மிளகுத்தூளும் அஜினமோட்டோவும் மூன்று கிண்ணத்தில். மாஸ்டர் அடுப்பைத் திறந்தால் ஜெட் மாதிரி இரைச்சல். எண்ணெய், முட்டை, கோஸ், கேரட், ஒரு பிடி சோறு. வாணலியை ஒரு தூக்கு தூக்கி நெருப்புக்குள் காட்டினால் பையன்கள் போனை எடுத்து வீடியோ பிடிக்கிறார்கள். மூன்று நிமிஷத்தில் சிக்கன் ரைஸ் ரெடி. "அண்ணே, ஆஃப் ஒண்ணு, காரம் தூக்கலா." நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் மிச்சம் வரும்.

இந்த மூன்று நிமிஷம் எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் டிக், மேக் என்ற மெக்டொனால்டு சகோதரர்கள் 1948-ல் தங்கள் கடையை இழுத்து மூடி, பரிமாறும் ஆட்களை நிறுத்தி, பீங்கான் தட்டை ஒழித்து, பட்டியலை ஒன்பது அயிட்டமாகக் குறைத்துத் திரும்பத் திறந்தார்கள். சமையல்காரர் என்ற ஒருத்தர் செய்த வேலையை, ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ரே கிராக் 1955-ல் அதைக் கிளை கிளையாகப் பெருக்கினார். தள்ளுவண்டிக்காரர் இந்த வரலாற்றைப் படித்ததில்லை. படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முன்கூட்டியே பாதி சமைத்து வை, பட்டியலைச் சின்னதாக வை, எங்கே சாப்பிட்டாலும் ருசி மாறாமல் இருக்கட்டும், காத்திருக்க விடாதே. இந்த நாலும் அவர் கைக்குப் பழகிவிட்டன.

நம் பக்கத்திலும் ஒரு சங்கிலி இருந்தது. அது வேறு ஜாதகம். கள்ளிக்குடி பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமி கோயில் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் 1930-களில் காரைக்குடிக்குப் போய் சாமி பேரில் ஒரு சாப்பாட்டுக்கடை வைத்தார். கடை ஓடியது. பங்காளி, மாமன், மச்சான் என்று ஒருத்தர் பின்னால் ஒருத்தராகக் கிளம்பி, தென்னிந்தியா முழுக்க முனியாண்டி விலாஸ் ஆனது. தலைமை அலுவலகம் கிடையாது, உரிமத் தொகை கிடையாது, ஒரே மாதிரிச் சட்டை கிடையாது. மதுரை முனியாண்டி விலாஸ் குழம்பு ஊருக்கு ஊர் வேறு ருசி. வருஷத்துக்கு ஒரு தடவை முதலாளிகள் எல்லாம் ஊருக்குத் திரும்பி, கிடா வெட்டி, விடிய விடிய அண்டாவில் பிரியாணி கிளறி, வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். தொழிலில் வந்ததை ஊருக்குத் திருப்பித் தருகிற சங்கிலி அது.

கறி என்பது இந்தப் பக்கம் நாள் பார்த்து வருகிற விருந்தாளியாக இருந்தது. திண்டுக்கல் முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் திருவிழாவில் காணிக்கையாக வந்த ஆட்டையும் கோழியையும் ஒன்றாகச் சமைத்து ஊர் கூடிச் சாப்பிடுவது இன்றும் நடக்கிறது. சாணார்பட்டி ஒன்றியத்துக் கொசவபட்டியிலும் தவசிமடையிலும் ஜல்லிக்கட்டு என்றால் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பி, வீட்டுக்கு வீடு கறிச்சோறு. மற்றபடி தீபாவளி, கறிநாள், மருமகன் வருகிற நாள். வசதி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் சோறும் குழம்பும் கத்தரிக்காயும்தான். கொழுப்பும் உப்பும் காரமும் அளவுக்கு மேல் ஒருநாள் போனால் உடம்பு சமாளித்துக்கொள்ளும்; வயலும் வேலையும் அதைக் கரைத்துவிடும்.

சங்கிலித் தொடர் உணவகம் நமக்கு விற்றது பிரியாணியையோ பொரித்த கோழியையோ அல்ல, ஞாயிற்றுக்கிழமையை. அதைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமும் வாங்கலாம், தனியாகவும் வாங்கலாம், காரணம் எதுவும் சொல்லாமலும் வாங்கலாம் என்று பழக்கிவிட்டது. அந்த ஏற்பாடு ஓட வேண்டுமானால் கறி மலிய வேண்டும், எண்ணெய் மலிய வேண்டும். இரண்டும் கண்முன்னாலேயே நடந்தன.

1990-களில் கொங்குப் பகுதியிலிருந்து ஒப்பந்தக் கோழிப்பண்ணை முறை பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், கரண்ட், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. ஏறக்குறைய நாற்பது நாளில் குஞ்சு இரண்டு கிலோ கோழியாகி லாரி ஏறிவிடும். மழையை நம்பிக் கடலை போட்டுக் கைசுட்டுக்கொண்டவர்கள் கொட்டகை போட்டார்கள். திண்டுக்கல் மாவட்டத்திலும் தோட்டத்துக்கு நடுவே நீள நீளமான தகர ஓடுகள் முளைத்தன. வளர்ப்புக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று பண்ணைக்காரர்கள் போராடுவதும், கடையில் கோழி மலிவாகக் கிடைப்பதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். பண்ணைக் கோழிக்குத் தீவனத்தோடு கொடுத்துவந்த கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காத கட்டத்தில் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதுவரை அது கோழி கொழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

எண்ணெய்க் கதை இன்னும் சுருக்கம். 1994-ல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டது. 2007-ல் தமிழ்நாட்டு ரேஷன் கடைக்கு மலிவு விலையில் பாமாயில் வந்தது. கடலை விளைகிற ஊரில் கடலையெண்ணெய் வாங்க யோசிக்க வேண்டிய நிலை வந்தது. பொரிப்பதற்குப் பாமாயில் மாதிரி வசதி எதுவும் இல்லை. சீக்கிரம் சிக்குப் பிடிக்காது, விலை குறைவு, மணம் குறுக்கே வராது. பெரிய கடையும் வண்டிக்கடையும் இந்த ஒரு விஷயத்தில் சமரசமாக ஒரே டின்னைத்தான் திறக்கின்றன.

கே.எஃப்.சி. 1995-ல் பெங்களூருவில் இந்தியாவின் முதல் கடையைத் திறந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அஜினமோட்டோ அளவுக்கு மேல் இருக்கிறது என்று மாநகராட்சி உரிமத்தைப் பிடுங்கியது. நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. 1996 ஜனவரியில் நஞ்சுண்டசாமியின் கர்நாடக விவசாயிகள் சங்கத்தார் உள்ளே புகுந்து கடையை அடித்து நொறுக்கினார்கள். அந்த ஆண்டே மெக்டொனால்ட்ஸ் டெல்லியில் கடை திறந்தது. மாட்டிறைச்சி இல்லாமல், சாமர்த்தியமாக உள்ளே வந்தது. நஞ்சுண்டசாமியின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் எதிரி வாசல் வழியாக வருவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தோட்டத்துக் கொட்டகை வழியாகவும் ரேஷன் கடை வழியாகவும் வந்துவிட்டான்.

அதற்காக இதை வெறும் படையெடுப்பு என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பழையதும் கம்மங்கூழும் சாப்பிட்ட காலத்தில் எல்லாரும் திடகாத்திரமாக இருந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்தக் கூழும் இல்லாமல் படுத்த வீடுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. சாமையும் வரகும் சோளமும் தட்டிலிருந்து போனதற்கு ஃபாஸ்ட் ஃபுட்டைக் குறை சொல்ல முடியாது. ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது 2008-ல், விலையில்லா அரிசி ஆனது 2011-ல். பசியை விரட்டிய அரிசி அது. சிறுதானியத்தை விரட்டியதும் அதுதான். இரண்டும் உண்மை.

இன்னொன்றும் உண்டு. மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பெரியார் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னால் 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லி மறியல் தொடங்கியதும் அதே 1957-தான். யார் எங்கே உட்காரலாம், எந்தத் தம்ளரில் குடிக்கலாம் என்பது அன்றைக்குச் சாப்பாட்டு விஷயமே அல்ல, சண்டை விஷயம். தள்ளுவண்டியில் பாக்குமட்டைத் தட்டை நீட்டுகிற கை, வாங்குகிற கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே நின்ற வாக்கு. வீட்டுக்குள் அழைத்துச் சோறு போடத் தயங்குகிற நண்பர்கள்கூட வண்டி முன்னால் ஒரே பிளேட்டில் கைவைக்கிறார்கள். பெண்பிள்ளைகள் சிநேகிதிகளோடு நின்று காளான் மஞ்சூரியன் வாங்கிச் சாப்பிடுவது, இருபது வருஷத்துக்கு முன்னால் இந்த ரோட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காட்சி. உடம்புக்கு ஆகாது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டால் இந்தக் கணக்கும் சேர்ந்து அழிந்துபோகும்.

நேரமும் ஒரு காரணம். திண்டுக்கல்லைச் சுற்றி இருக்கிற நூற்பாலைகளுக்கு ஊர் ஊராக வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஷிப்ட் முடிந்து இருட்டின பிறகு வீடு திரும்புகிற அம்மா, அடுப்பு மூட்டி, குழம்பு வைத்து, பிள்ளைக்குப் போட்டுப் படுக்கவைக்கும்போது அடுத்த ஷிப்டுக்கு வேன் வந்துவிடும். இரண்டு பரோட்டா, பாலிதீன் பையில் சால்னா, ஒரு ஆம்லெட் என்று பார்சல் வாங்கிப் போவதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல நாக்கு கூச வேண்டும். வீட்டில் சமைத்த சாப்பாடுதான் நல்லது என்று உபதேசம் செய்கிற ஆண்களில் எத்தனை பேர் கரண்டி பிடிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

சரி, உடம்பு என்ன சொல்கிறது? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம். 2019-21-ல் 40.4 சதவிகிதம். ஆண்களில் 28.2 சதவிகிதம் 37 ஆனது. ஐந்தே வருஷத்தில் இவ்வளவு. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னை மருத்துவர்கள் மோகனும் அஞ்சனாவும் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் பதின்மூன்று கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியில். இது பட்டணத்து வியாதி என்ற பேச்சு எப்போதோ செத்துவிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். கிராமத்துத் திண்ணையில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் மாத்திரையின் நிறத்தைச் சொல்லி நலம் விசாரித்துக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் சிக்கன் ரைஸ்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளைச் சோறு மலைபோலக் குவித்துச் சாப்பிடுவது, பக்கத்துத் தெருவுக்கும் பைக்கில் போவது, டீயில் சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் கூட்டணி. ஃபாஸ்ட் ஃபுட் அந்தக் கூட்டணியில் கடைசியாகச் சேர்ந்த கட்சி. ஆனால் மற்றவை பெரியவர்களை நாற்பது வயதுக்கு மேல் பிடித்தன. இது பதினாலு, பதினைந்து வயதிலேயே பிடிக்கிறது.

தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அஜினமோட்டோ மேல்தான் எல்லாருக்கும் கோபம். அளவோடு போட்டால் அதனால் பெரிய கேடு வருவதாக அறிவியல் சொல்லவில்லை. ஆள் மாறி அடி வாங்குகிற பையன் அது. உண்மையான ஆசாமி உப்பு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; அதாவது ஒரு டீஸ்பூன். சோறு வடிக்கும்போது உப்பு, கோழியில் உப்பு, சோயா சாஸில் உப்பு, மேலே தூவுகிற உப்பு, தொட்டுக்கொள்ளச் சாஸில் உப்பு. ஒரே தட்டில் அன்றைக்குரிய கோட்டா முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் ஊறுகாயோடு மோர்ச்சோறு வேறு காத்திருக்கும்.

அடுத்தது எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் உடைந்து துருவச் சேர்மங்கள் என்ற கழிவுகள் சேரும். அது 25 சதவிகிதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குத் தொடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் விதி வைத்திருக்கிறது. பெரிய கடையில் அதை அளக்கக் கருவி இருக்கும், பழைய எண்ணெயை பயோ டீசலுக்கு வாங்கிப்போக ஏற்பாடும் இருக்கும். தள்ளுவண்டியில் கருவி மாஸ்டரின் கண்தான். நுரை அடங்காமல் பொங்கினால் மாற்றுவார். இல்லாவிட்டால் நேற்றைய எண்ணெய் மேல் இன்றைக்கு ஒரு பாக்கெட். இரண்டு லிட்டர் பழைய எண்ணெயை யார் வந்து வாங்கிப்போவார்கள்? அவருக்கு அந்த நாள் லாபமே அந்த எண்ணெய்க்குள்தான் இருக்கிறது. டால்டா வகையறாவில் இருக்கிற டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 முதல் 2 சதவிகிதம் உச்சவரம்பு வந்தது நல்ல காரியம். அது ஆலையில் கட்டுப்படுத்துகிற விஷயம் என்பதால் நடந்தது. வாணலியில் கட்டுப்படுத்த வேண்டியது நடக்கவில்லை.

சிவப்பும் ஒரு பிரச்னை. பஞ்சுமிட்டாயில் துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் இருப்பது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அதன் விற்பனையைத் தடை செய்தது. அதே ஆண்டு கர்நாடகம், கோபி மஞ்சூரியனிலும் கபாபிலும் செயற்கை நிறம் கூடாது என்றது. நம் வண்டியில் கோழி சிவப்பாக இல்லாவிட்டால் வாங்குகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பழி மாஸ்டர் மேல் மட்டும் விழக்கூடாது.

எல்லாவற்றையும்விட அவசரமான ஆபத்து வேறு. கொழுப்பும் உப்பும் இருபது வருஷத்தில் கொல்லும்; கெட்டுப்போன கறி இரண்டு நாளில் கொல்லும். 2022 மே மாதம் கேரளத்தின் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். ஷிகெல்லா கிருமி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது மாணவி இறந்தார். ஒரே கடையில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பச்சை முட்டையில் செய்கிற மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை போட்டது. ஷவர்மா கம்பியில் வெளிப்பக்கம்தான் வேகும். உள்ளே இருப்பது வெதுவெதுப்பாக, கிருமி பெருகத் தோதான சூட்டில் மணிக்கணக்காக நிற்கும். கூட்டம் அதிகம் என்றால் வேகாததைச் சீவுவார்கள். கூட்டம் குறைவு என்றால் மிச்சத்தை நாளைக்கு வைப்பார்கள். சிக்கன் ரைசிலும் இதே கதைதான். மத்தியானம் வடித்து வெளியில் வைத்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வளர்ந்து நஞ்சு விடும். அந்த நஞ்சு வாணலிச் சூட்டில் அழியாது. பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த நம் பாட்டிகளுக்கு வேறு ஒரு முறை தெரிந்திருந்தது.

ஆக, பெரிய சங்கிலிக்கும் வண்டிக்கடைக்கும் கேடு செய்யும் விதம் வேறு வேறு. பெரிய கடையில் குளிர்பெட்டி இருக்கிறது, தெர்மாமீட்டர் இருக்கிறது, பில் இருக்கிறது. ஏதாவது நடந்தால் கேள்வி கேட்க முகவரி இருக்கிறது. ஆனால் இன்னும் இருபது ரூபாய் போட்டால் பெரிய கப், இன்னும் ஐம்பது ரூபாய் போட்டால் கூட ஒரு லெக் பீஸ் என்று தேவைக்கு மேல் திணிக்கிற வித்தை அவர்களுடையது. வண்டிக்காரர் அளவுக்கு மேல் திணிப்பதில்லை. ஐஸ் பெட்டியும் அவரிடம் இல்லை. பெரிய கடை ருசியைக் கற்றுக்கொடுத்தது. அந்த ருசியைப் பாதுகாப்பாகச் செய்வதற்கான செலவை மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

திணிக்கிற வித்தையைப் பற்றி லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. தோட்ட வேலை செய்த ஹெலன் ஸ்டீல், முன்னாள் தபால்காரர் டேவ் மோரிஸ் இருவரும் மெக்டொனால்ட்ஸைக் கண்டித்துத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள் என்று அந்தக் கம்பெனி மானநஷ்ட வழக்குப் போட்டது. வக்கீல் வைக்கக் காசில்லாமல் இவர்களே வாதாடினார்கள். இங்கிலாந்து வரலாற்றிலேயே மிக நீண்ட வழக்கு என்று பேர் வாங்கியது. 1997 ஜூனில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி ரோஜர் பெல், பிரசுரத்தில் பல விஷயங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று நஷ்டஈடு கட்டச் சொன்னார். ஆனால் விளம்பரத்தின் மூலம் குழந்தைகளை அந்தக் கம்பெனி சுரண்டுகிறது என்ற குற்றச்சாட்டு உண்மைதான் என்றும் எழுதினார். இவர்கள் நஷ்டஈடு கட்டவில்லை. கம்பெனியும் அதை வசூலிக்கத் துணியவில்லை.

நம் ஊரில் விளம்பரத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. போனில் வயிறு முட்டச் சாப்பிட்டுக் காட்டுகிறவர்களின் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக்கூடாது என்று 2020-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ரோட்டுக்கு அந்தப்பக்கம் வண்டியைத் தள்ளி நிறுத்தினால் விதியும் பிழைத்துக்கொள்ளும், வியாபாரமும் பிழைத்துக்கொள்ளும்.

விரட்டுவதைவிடப் பசியை முந்திக்கொள்வதில் இந்த மாநிலத்துக்கு அனுபவம் அதிகம். காமராஜர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். காலையில் உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்டு உட்கார்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, பத்து மணிக்குப் பாக்கெட் சிப்ஸைத் தேடுவது குறைந்திருக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்கலாம். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்குக் கிடையாது. உடம்பு வளர்கிற வேகத்தில் அகோரமாகப் பசிக்கிற வயசு. பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள். கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சோறு ஒரு மணிக்கே தீர்ந்துவிடும். நாலரை மணிக்கு மேல் ஸ்பெஷல் கிளாஸ் வேறு. அது முடிந்து வெளியே வரும்போது கையில் ஐம்பது ரூபாயும் கண்ணெதிரே வண்டியும் இருக்கும்.

வண்டிக்கடை மாஸ்டருக்கு இந்த நேரக்கணக்கு துல்லியமாகத் தெரியும். அதற்குத் தக்கபடிதான் அடுப்பைப் பற்றவைக்கிறார். கோட்டையில் இருப்பவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. மேல்நிலைப் பள்ளிகளில் சத்துணவுக் கூடம் ஏற்கெனவே இருக்கிறது, சமைக்கிற அக்கா இருக்கிறார், முட்டை லாரியில் வந்து இறங்குகிறது. இன்னும் இரண்டு வகுப்புக்குச் சேர்த்து உலை வைக்க வேண்டும். ஸ்பெஷல் கிளாஸ் நாளில் சாயங்காலத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டலும், சிறுமலை அடிவாரத்துக்காரர்களுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் விளையும் ஒரு வாழைப்பழமும்.